செபுவின் பிள்ளைகளை மைக்கிலிருந்து விலக்காதீர்கள்: நம் ஊடக ஊழியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஊடக ஊழியக் குழுவின் தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலர் அவர்களுக்கும், குழுவிலுள்ள மற்ற ஐயாமார், அம்மாமார் எல்லோருக்கும்,

பிலிப்பைன்ஸின் செபுவில் பதின்பருவப் பிள்ளைகளுக்காக நாம் வாராவாரம் நடத்திவரும் அரைமணி நேர வானொலி நிகழ்ச்சியைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவு போன மாதம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. இனி நாடகம் கிடையாது. நேயர்களின் குறுஞ்செய்திகளை வாசிப்பது கிடையாது. பிள்ளைகளே உட்கார்ந்து எழுதும் குழு கலைக்கப்படுகிறது. நம் போதகர்கள் தமிழில் கொடுத்த வாலிபர் செய்திகளை டகாலோக் மொழிக்கு மாற்றி, சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்த நிகழ்ச்சியை ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்குத் தள்ள வேண்டும். வேத வசனம் குறைவு, கதை அதிகம் என்பது நீங்கள் சொன்ன ஒரு காரணம். விடியற்காலைக்குக் கட்டணம் குறைவு என்பது இன்னொன்று.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. தனியாக எழுதிய கடிதங்களுக்கு "குழு தீர்மானித்துவிட்டது, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இந்த நிகழ்ச்சிக்கான பணம் நம் ஊர்ச் சபைகளின் ஸ்தோத்திரக் காணிக்கையிலிருந்து வருகிறது. போட்டவர்களுக்கும் விஷயம் தெரியட்டும்.

முதலில், யாருக்காக இந்த நிகழ்ச்சி என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸிலிருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருப்பவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் பெண்கள். சவூதி, எமிரேட்ஸ், ஹாங்காங், சிங்கப்பூர் என்று வீட்டு வேலைக்கும் மருத்துவமனை வேலைக்கும் போகிறார்கள். அப்பாவை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு வளர்ந்த பிள்ளைகளை நாம் நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். இங்கே பல வீடுகளில் போயிருப்பது அம்மா. பிள்ளைகளை வளர்ப்பது லோலா, அதாவது பாட்டி. இல்லாவிட்டால் ஆத்தே, அதாவது மூத்த அக்கா. அந்த அக்காவுக்கே பதினாறு வயதுதான் இருக்கும். காலையில் தம்பி தங்கைகளுக்குச் சோறு வடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தானும் சீருடை மாட்டிக்கொண்டு ஜீப்னி என்ற சிற்றுந்து பிடித்துப் பள்ளிக்குப் போகிறவள். நம் நேயர்களில் பெரும்பாலானோர் இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். குறுஞ்செய்திகளை வாசித்தே இதைத் தெரிந்துகொண்டேன்.

இனி, "கதை அதிகம்" என்று நீங்கள் குறைப்பட்ட நாடகம் எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். சபைக் கட்டடத்தின் பின்னால் ஞாயிறு பள்ளிச் சாமான்கள் வைக்கும் அறைதான் நம் ஒலிப்பதிவுக் கூடம். சுவரில் பழைய மெத்தைகளைச் சாய்த்து வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டில் யாராவது வீடியோகே, அதாவது திரையைப் பார்த்துப் பாடும் கரோக்கே, பாட ஆரம்பித்தால் பாட்டு முடியும்வரை காத்திருப்போம். எதிர்வீட்டுக்காரரின் சண்டைச் சேவல்களைக் கட்டுப்படுத்த முடியாது, அவை பதிவில் வந்துவிடும். அந்த அறையில் ஒருநாள், ரியாத்திலிருந்து அம்மா போனில் அழைக்கும் காட்சியைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். வசனத்தை எழுதியவர் அனுபவமுள்ள பெரியவர். மகள் தொலைபேசியில் அழுதபடி, "நீங்கள் இல்லாமல் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது அம்மா" என்று சொல்ல வேண்டும். மகளாக நடித்த பதினைந்து வயதுப் பெண் தாளைக் கீழே வைத்துவிட்டாள். "இப்படி யாரும் சொல்ல மாட்டார்கள்" என்றாள். ஏன் என்று கேட்டோம். "சொன்னால் அம்மா அழுவாள். நாளைக்கு அவள் வேலைக்குப் போக வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வோம். பெட்டி எப்போது வரும் என்று கேட்போம். வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போவோம்."

அறையில் இருந்த மற்ற பிள்ளைகள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவள் சொன்னபடியே காட்சியை மாற்றினோம். நலம் விசாரிப்பு, வெளிநாட்டிலிருந்து அம்மா சாமான் நிரப்பி அனுப்பும் பாலிக்பாயன் பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை, போன் வைக்கும் சத்தம், அப்புறம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். அழுகை இல்லை, பின்னணி இசையும் இல்லை. அந்த வாரம் வந்த அளவுக்குக் குறுஞ்செய்திகள் வேறு எந்த வாரமும் வந்ததில்லை. "எங்கள் வீட்டில் இருந்து பார்த்த மாதிரி இருக்கிறது" என்றுதான் பலர் எழுதியிருந்தார்கள். யாரிடமும் சொல்லாததை எழுதிய பிள்ளைகளும் இருந்தார்கள். அவற்றை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

வசனம் குறைவு என்கிறீர்கள். அதே நாடகத்துக்கு ஒரு வேதப்பகுதி தேடியபோது நடந்ததையும் கேளுங்கள். தாயும் தகப்பனும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்று சொல்லும் 27ஆம் சங்கீதத்தை எடுக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னோம். நம் சபைகளில் எத்தனையோ பேருக்கு ஆறுதல் தந்த வசனம் அது. ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "என் அம்மா என்னைக் கைவிடவில்லை. எனக்காகத்தான் போனாள்." அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? பிறகு பிள்ளைகளே யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்தார்கள். குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே அதைக் கையைவிட்டுப் பிரிந்து நாணல் பெட்டியில் வைக்கும் தாய், அதற்கு என்ன ஆகுமோ என்று தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா மிரியாம். அந்த அக்காவைப் பற்றி மட்டும் பிள்ளைகள் அரைமணி நேரம் பேசினார்கள். எத்தனையோ வருஷம் பிரசங்கம் கேட்ட எனக்கு மிரியாமை அப்படிப் பார்க்கத் தோன்றியதில்லை. ஒரு முழு நிகழ்ச்சி அந்தப் பத்து வசனங்களின் மேல் நின்றது. வாசித்த வசனங்களை மட்டும் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும். நிகழ்ச்சி முழுவதும் வேதத்தின் மேல்தான் நின்றது ஐயா.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். பிலிப்பைன்ஸ் என்றால் டகாலோக் என்று குழுவில் யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். 7,641 தீவுகள் கொண்ட நாடு இது. பேசும் மொழிகள் நூற்றுக்கு மேல். செபுவில் வீட்டிலும் தெருவிலும் பேசுவது செபுவானோ. ஊர்க்காரர்கள் பிசாயா என்பார்கள். பொஹோலிலும் மிண்டனாவோவின் பெரும்பகுதியிலும் அதுதான் ஓடுகிறது. டகாலோகை அடிப்படையாகக் கொண்ட பிலிப்பினோ, பள்ளிப் பாடத்திலும் தொலைக்காட்சியிலும் வருவது. பிள்ளைகளுக்குப் புரியும். ஆனால் அவர்கள் சண்டை போடுவதும் ஜெபிப்பதும் பிசாயாவில்தான். தமிழில் பிரசங்கித்ததை ஆங்கிலத்துக்கு மாற்றி, அதை டகாலோகுக்கு மாற்றி, அதைக் கேட்கும் பிள்ளை தன் மனசுக்குள் பிசாயாவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால், நடுவில் என்ன மிஞ்சும்?

ஊகத்தில் சொல்லவில்லை. நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய செய்தியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். நல்ல போதகர், நம் ஊரில் ஆயிரக்கணக்கான வாலிபர்கள் விரும்பிக் கேட்கிறவர். பிளஸ் டூ பொதுத்தேர்வு, கட் ஆஃப் மதிப்பெண், காதல் திருமணம் என்று நம் பிள்ளைகளின் கவலைகளைத் தொட்டுப் பேசுகிறார். செபுவின் பிள்ளைக்கு கட் ஆஃப் கவலை இல்லை. அவனுடைய கவலை, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கால் சென்டருக்குப் போவதா, அம்மாவைப் போல விமானம் ஏறுவதா என்பது. பிள்ளைகள் மரியாதையாக உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளின் பணிவு உங்களுக்குத் தெரியாது, எதிர்த்துப் பேசவே மாட்டார்கள். முடிந்ததும் ஒரு பெண் மட்டும் கேட்டாள்: "இவர் யார் மேல் கோபமாக இருக்கிறார்?" அவர் கோபப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். நம் பிரசங்க மேடையின் குரல் ஏற்றம் அது. அந்தக் குரல் இன்னொரு மொழிக்குள் போகும்போது கோபமாகத்தான் கேட்கிறது.

இங்கே உங்களுக்கு ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். மணிலாவுக்கும் தமிழர்களுக்கும் வானொலி வழியாக ஒரு பழைய உறவு உண்டு. மணிலாவை அடுத்த கேசோன் நகரத்தை மையமாகக் கொண்டு 1969இல் தொடங்கிய வேரித்தாஸ் ஆசிய வானொலி, 2018இல் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தும்வரை ஆசிய மொழிகள் பலவற்றில் பேசியது. அதில் தமிழும் ஒன்று. கத்தோலிக்கர்கள் நடத்தியதுதான், ஆனாலும் நம் சபை வீடுகளிலும் அதைத் தேடிப் பிடித்துக் கேட்டவர்கள் இருந்தார்கள். நேயர் மன்றம் வைத்துக் கடிதம் எழுதியவர்கள் இருந்தார்கள். அதைத் தமிழர்களை வைத்துத்தான் நடத்தினார்கள். நம் கடிதங்களை வாசித்தார்கள், நம் ஊர்ப் பேச்சைப் பேசினார்கள். பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவரின் மறையுரையைத் தமிழில் பெயர்த்து வாராவாரம் போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அந்த நாடு நமக்குக் கொடுத்த மரியாதையை நாம் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

கிறிஸ்தவ வானொலிக்கு இந்த நாட்டில் இருக்கும் மதிப்பும் சாதாரணமானதல்ல. ஃபார் ஈஸ்ட் பிராட்காஸ்டிங் நிறுவனம் மணிலாவிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது 1948இல், இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில். 1986 பிப்ரவரியில் அதிபர் மார்கோஸ் ஆட்சிக்கு எதிராக மக்கள் மணிலாவின் எட்ஸா சாலையில் திரண்டதற்கு, கர்தினால் ஜெய்மே சின் வேரித்தாஸ் வானொலியில் விடுத்த அழைப்பு ஒரு பெரிய காரணம். மறுநாள் அதன் ஒலிபரப்புக் கோபுரத்தை ராணுவத்தினர் சேதப்படுத்தினார்கள். ஜூன் கீத்லி என்ற அறிவிப்பாளர் வேறொரு நிலையத்துக்குப் போய் இரவெல்லாம் பேசினார். அந்த இரவில் அவருக்குத் துணையாக இருந்து ஓடியாடி வேலை செய்தவர்களில் பள்ளிக்கூட வயது அண்ணன் தம்பி இருவர் உண்டு. அதே ஆண்டு வேரித்தாஸ் வானொலிக்கு மகசேசே விருது கிடைத்தது. தேசத்தின் தலையெழுத்து மாறிய இரவில் பிள்ளைகளை நம்பி வேலை கொடுத்தார்கள். நாம் ஒரு வாராந்திர நாடகத்தை எழுதும் பொறுப்பைக்கூட அவர்களிடமிருந்து பறிக்கப் பார்க்கிறோம்.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். நீங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய செய்திகளில் பலவும் சிலை வணக்கத்தைக் கண்டிப்பவை. நான் நம் சபையில் வளர்ந்தவன், நம் விசுவாசம் எனக்குத் தெரியும். ஆனால் இது செபு. 1521இல் மகெல்லன் வந்தபோது இங்கே முதல் ஞானஸ்நானம் நடந்தது. அப்போது அரசி ஹுவானாவுக்குக் கொடுத்த குழந்தை இயேசு சுரூபம் இன்றும் நகரத்தின் நடுவில் பசிலிக்காவில் இருக்கிறது. சாந்தோ நினோ என்று இதைச் சொல்லாத வீடு அபூர்வம். ஜனவரியில் சினுலோக் திருவிழாவுக்கு ஊரே தெருவுக்கு வந்துவிடும். நாட்டில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் கத்தோலிக்கர்கள். நம் நிகழ்ச்சியைக் கேட்கும் பிள்ளையின் வீட்டில், சாமான் அலமாரியின் மேல் சாந்தோ நினோ இருப்பார். அதன் முன்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பவர், அம்மா இல்லாத அந்தப் பிள்ளையை வளர்க்கும் பாட்டி. அந்தப் பாட்டி நரகத்துக்குப் போவாள் என்று வானொலி சொன்னால் பிள்ளை யார் பக்கம் நிற்க வேண்டும்? அவனுக்கு இருக்கும் ஒரே பெரிய மனுஷி அவள். அவளிடமிருந்து அவனைப் பிரிப்பது சுவிசேஷம் என்று நான் நம்பவில்லை.

பெத்ரோ கலுங்சோத் பற்றிப் பிள்ளைகள் எழுதிய நாடகத்தை நீங்கள் நிறுத்தி வைத்ததும் இதே யோசனையில்தான் என்று நினைக்கிறேன். செபு உள்ளிட்ட விசயாஸ் தீவுகளைச் சேர்ந்த அந்தப் பையன், மிஷனரிகளோடு கப்பலேறி குவாம் தீவுக்குப் போய் வேதம் சொல்லிக்கொடுத்தான். 1672இல் அங்கே கொல்லப்பட்டபோது அவனுக்கு வயது பதினேழு இருக்கும். ரோமன் சபை 2012இல் அவனைப் புனிதராக அறிவித்தது என்பதற்காக நம் பிள்ளைகள் அவனைப் பற்றிப் பேசக்கூடாதா? வேலை தேடிக் கடல் கடந்து போகும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, விசுவாசத்துக்காகக் கடல் கடந்த தங்கள் வயதுப் பையனைவிட நெருக்கமான கதை எது?

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இங்கே வானொலி நிலையங்கள் நேரத்தைப் பகுதி பகுதியாக விற்கும், பிளாக்டைம் என்பார்கள். விடியற்காலை மலிவு, காரணம் அப்போது கேட்பவர்கள் குறைவு. ஞாயிறு விடியலில் பாட்டி பூசைக்குக் கிளம்புவார், பிள்ளை தூங்குவான். வார நாட்களும் சரிப்படாது. இட நெருக்கடியால் பல அரசுப் பள்ளிகள் காலை ஆறு மணிக்கு ஒரு ஷிஃப்ட், மதியத்துக்கு மேல் ஒரு ஷிஃப்ட் என்று நடக்கின்றன. எந்தப் பகல் நேரத்தை எடுத்தாலும் பாதிப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். இரவுச் சாப்பாடு முடிந்த சனிக்கிழமை எட்டு மணியை நாம் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

"பிள்ளைகள் எல்லாம் போனில்தானே இருக்கிறார்கள், வானொலி யார் கேட்கிறார்கள்?" என்றும் குழுவில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்வி. போனில்தான் இருக்கிறார்கள், டேட்டா இருக்கும்வரை. லோட், அதாவது ரீசார்ஜ், தீர்ந்தால் தெருமுனையில் பீசோ வைஃபை பெட்டியில் காசு போட்டுச் சில நிமிஷம் வாங்குவார்கள். அதனால்தான் நாமும் நிகழ்ச்சியை ஃபேஸ்புக்கில் நேரலையாகப் போடுகிறோம், நாடகத்தைத் துண்டு துண்டாக வெட்டியும் போடுகிறோம். ஆனால் 2021 டிசம்பர் 16 அன்று ஒடெட் சூறாவளி செபுவை அடித்துப் போட்ட பிறகு, பல இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, போன் சிக்னல் இல்லை. பெட்ரோலுக்கும் குடிதண்ணீருக்கும் வரிசை. அப்போது பேட்டரி போட்ட வானொலிப் பெட்டியைச் சுற்றித்தான் தெரு கூடியது. எங்கே தண்ணீர் கிடைக்கும், யார் யாரைத் தேடுகிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் வந்தது. அதற்கு முன் 2013 நவம்பரில் ஹையான் சூறாவளி வந்தபோதும் இதே நிலைதான். புயல் பாதையில் இருக்கும் நாட்டில் வானொலியைக் கைவிடவும் முடியாது, அதைத் தமிழ்ப் பிரசங்கம் போடும் பெட்டியாக மாற்றவும் கூடாது.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம். மிஷன் பத்திரிகையில் போடுவதற்காக, நம் நிகழ்ச்சியால் "தொடப்பட்ட" பிள்ளைகளின் பெயர், புகைப்படம், கைபேசி எண் அடங்கிய பட்டியலைக் கேட்டிருக்கிறீர்கள். நான் அனுப்ப மாட்டேன். நமக்கு எழுதும் பிள்ளைகளில் வீட்டுக்குள்ளேயே துன்பம் அனுபவிப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளை இணையம் வழியாகப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கும் கொடுமை இந்த நாட்டில் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்றால், அதற்கென்றே 2022இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு வந்த சிம் பதிவுச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் சிம் பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயரில்தான் இருக்கும். போன் யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நாம் திருப்பி அழைக்கும் ஒரு அழைப்பு அந்தப் பிள்ளைக்கு அடியாக விழலாம். அதனால் பெயரையோ ஊரையோ நாங்கள் ஒலிபரப்பில் சொல்வதில்லை, நாங்களாகப் போன் செய்வதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அழைக்க வேண்டிய தேசிய மனநல உதவி எண் 1553ஐ நிகழ்ச்சி முடிவில் ஒவ்வொரு வாரமும் சொல்கிறோம். அந்தச் சில நொடிகளையும் வெட்டி அங்கே காணிக்கை விண்ணப்பம் சேர்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த வரியை எழுதியவர் அதை இன்னொருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும்.

காசைப் பற்றி உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. விடியற்காலை நேரத்துக்குப் போனால் கட்டணம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் யாரும் கேட்காத நேரத்தில், யாருடைய மொழியும் இல்லாத மொழியில் ஒலிபரப்பினால், குறைந்த கட்டணமும் வீண்தான். பணம்தான் பிரச்சினை என்றால் அரைமணியை இருபது நிமிஷமாக்கலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு புது நாடகம் போட்டு நடுவில் மறுஒலிபரப்புச் செய்யலாம். இதையெல்லாம் பேச நான் தயார். செபுவிலுள்ள சபைகள் சிலவும் நேரக் கட்டணத்தில் பங்கு போட முன்வந்திருக்கின்றன. அதையும் கேட்காமல்தான் முடிவெடுத்தீர்கள்.

குழுவிடம் நான் கேட்பவை இவை.

இந்தத் தீர்மானத்தை உடனே நிறுத்தி வையுங்கள். அடுத்த காலாண்டுக்கான பிளாக்டைம் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன், சனிக்கிழமை இரவு எட்டு மணி நேரத்தை நமக்கே உறுதி செய்யுங்கள்.

நிகழ்ச்சி பிசாயாவில்தான் எழுதப்பட வேண்டும். மொழிபெயர்த்து எடுப்பது கூடாது. பிள்ளைகளின் எழுத்துக்குழு தொடர வேண்டும். நிகழ்ச்சியைப் பற்றிய எந்த முடிவையும் அவர்களில் இருவர் உட்கார்ந்து பேசாமல் எடுப்பதில்லை என்று குழு எழுத்தில் தர வேண்டும். இணையவழிக் கூட்டத்துக்கு அவர்கள் வருவார்கள். பேச்சை நான் மொழிபெயர்க்கிறேன்.

வேதச் செய்திக்கு இப்போதிருக்கும் நான்கு நிமிஷம் போதாது என்று நினைத்தால் ஆறு ஆக்குங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதைப் பேசுகிறவர் செபுவில் வாழும், இந்தப் பிள்ளைகளைத் தெரிந்த ஒருவராக இருக்க வேண்டும். மற்றச் சபையாரின் பக்தியைத் தாக்கும் பேச்சு நிகழ்ச்சியில் வரக்கூடாது. நிறுத்தி வைத்திருக்கும் கலுங்சோத் நாடகத்தை ஒலிபரப்ப அனுமதி கொடுங்கள்.

பிள்ளைகளின் படம், பெயர், எண் கேட்கும் கோரிக்கையைத் திரும்பப் பெறுங்கள். இனி எந்த ஊழியர் கேட்டாலும் தரக்கூடாது என்ற பாதுகாப்பு விதியைக் குழுவே இயற்றிப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். 1553 எண்ணை வாசிக்கும் நேரத்தில் யாரும் கை வைக்கக்கூடாது.

கடைசியாக, குழுவிலிருந்து ஒருவராவது இங்கே வாருங்கள். பிரசங்கம் செய்ய அழைக்கவில்லை. அந்த மெத்தை சாய்த்த அறையில் ஒரு ஒலிப்பதிவு முழுவதும் உட்கார்ந்து கேளுங்கள், முடிந்த பிறகு பிள்ளைகளிடம் பேசுங்கள். அதற்கப்புறமும் உங்கள் முடிவு இதுதான் என்றால், அதை அவர்களிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். உங்கள் பதிலை, எனக்குத் தனியாக அனுப்பாமல், நம் சபைகள் எல்லாம் வாசிக்கும்படி அடுத்த மாத மிஷன் பத்திரிகையில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செபுவிலிருந்து உங்கள் வானொலி ஊழிய ஒருங்கிணைப்பாளன்